ஐ386: ஒரு பெயர்ப்பலகையின் கதை

இது போன எபிசோடோட எழுத்து வடிவம். பேச்சுல திரும்பத் திரும்ப வந்த இடங்களை எடுத்திருக்கேன், வருஷங்களைச் சரிபார்த்திருக்கேன். மத்தபடி பேசினது பேசினபடிதான்.

2025 ஆகஸ்ட் 9 அன்று டெபியன் 13 வெளியானது. டிரிக்ஸின்னு பேர். அதோட வெளியீட்டுக் குறிப்புல ரெண்டு விஷயம் இருக்கு. ஒன்று, ஐ386 என்கிற 32 பிட் கட்டமைப்புக்கு இனி இன்ஸ்டாலர் கிடையாது, கர்னல் கிடையாது. இன்னொன்று, ரிஸ்க்-ஃபைவ் என்கிற புதுக் கட்டமைப்புக்கு முதல் முறையாக அதிகாரபூர்வ ஆதரவு. ஒரே நாள்ல ஒரு கதவு மூடுது, ஒரு கதவு திறக்குது. ரெண்டு கதவுக்கும் சென்னைக்கும் சம்பந்தம் இருக்கு. அதைத்தான் இன்னிக்குப் பேசப்போறோம்.

அரிசியும் பாக்கெட் மாவும்

முதல்ல அடிப்படை. தெரிஞ்சவங்க ஒரு நிமிஷம் பொறுத்துக்கங்க.

மேற்கு மாம்பலத்துல எந்தத் தெருவுல திரும்பினாலும் இட்லி மாவு பாக்கெட் கிடைக்கும். அரிசியும் உளுந்தும் வாங்கி நாமே அரைச்சுக்கலாம், இல்லைன்னா அரைச்ச மாவை வாங்கிக்கலாம். மென்பொருளும் அப்படித்தான். மூல நிரல்தான் அரிசி உளுந்து. அதை அரைக்கிற கிரைண்டர் கம்பைலர். அரைச்சு, பாக்கெட்ல போட்டு, மேல பேரும் தேதியும் ஒட்டி, 'இதோட சாம்பார் பொடியும் வேணும்'னு எழுதிக் கொடுக்கிறாங்களே, அதுதான் பேக்கேஜ். டெபியன், உபுண்டு, ரெட் ஹேட் மாதிரியான ஒவ்வொரு லினக்ஸ் வெளியீடும் இப்படி ஆயிரக்கணக்கான பாக்கெட்டுகள் அடுக்கிய கடை.

ஆனா மாவுக்கும் இதுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஒரு கடை மாவையும் இன்னொரு கடை மாவையும் கலந்தாலும் இட்லி வரும். கம்பைலர்ல அப்படி வராது. ஒரு கம்பைலர் அரைச்ச நிரலும் இன்னொரு கம்பைலர் அரைச்ச நூலகமும் ஒன்னோட ஒன்னு பேசணும்னா, ரெண்டுக்கும் நடுவுல ஓர் ஒப்பந்தம் வேணும். எந்தத் தரவை எங்கே வைக்கணும், ஒரு ஃபங்ஷனை எந்தப் பேரால் கூப்பிடணும் என்பதெல்லாம் அதுல அடக்கம். இதை ஏ.பி.ஐ. என்பார்கள். நடுவுல இருக்கிற 'பி' பைனரியைக் குறிக்குது. நிரலாளர்கள் வழக்கமாச் சொல்ற இன்னொரு ஏ.பி.ஐ.யோட இதைக் குழப்பிக்க வேண்டாம். 15 ஆம்பியர் பிளக் 5 ஆம்பியர் சாக்கெட்ல போகாது இல்லையா? அதே கதைதான்.

அப்ப கம்பைலரை மாற்றுவது வெறும் தொழில்நுட்ப முடிவு இல்லை. எந்தப் பழைய பாக்கெட் இனி செல்லாது, எந்தக் கணினியில் இனி எதுவும் ஓடாது என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

சி.டி. காலம்

இந்த முடிவுகள் சென்னையில் இருந்தவர்களை எப்படித் தொட்டது என்று புரிய, அப்போதைய இன்டர்நெட்டை நினைச்சுப் பாருங்க. இந்தியாவில் பொதுமக்களுக்கான இணைய இணைப்பை வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதுக்கப்புறம் பல வருஷம் நமக்கு மோடம்தான். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு சி.டி.யில் 650 மெகாபைட். 33.6 கே மோடத்தில், லைன் கட் ஆகாமல் முழு வேகத்தில் வந்தால்கூட ஏறக்குறைய 43 மணி நேரம். 2002 ஜூலையில் வந்த டெபியன் 3.0-க்கு 7 சி.டி. அப்போ பன்னிரண்டு நாள் ராத்திரி பகலா போன் பிஸி. வீட்ல விடுவாங்களா?

அதனால லினக்ஸ் நம்ம ஊருக்குப் பெரும்பாலும் தட்டாகத்தான் வந்தது. பி.சி. குவெஸ்ட் பத்திரிகையோட இலவச சி.டி.யா வந்துச்சு. 2003 முதல் லினக்ஸ் ஃபார் யூ இதழோட வந்துச்சு. ஐ.ஐ.டி. மெட்ராஸ் வளாகத்தில் மாதாமாதம் கூடிய சென்னை லினக்ஸ் பயனர் குழுவில், ஒருத்தர் கொண்டுவந்த சி.டி.யை நாலு பேர் நகல் எடுத்துப் போவாங்க. 2004-ல் உபுண்டு வந்த பிறகு, கேட்டவர்களுக்கெல்லாம் தபாலில் இலவசமாக சி.டி. அனுப்பினார்கள். ஷிப்இட் என்று பெயர். 2011 வரை அது நடந்தது. எங்க தெரு போஸ்ட்மேன் 'சார், வெளிநாட்டுக் கவர்'னு குரல் கொடுப்பார். பார்த்தா உள்ளே உபுண்டு.

சி.டி.யில் வந்தால் என்ன சிக்கல்? ஒரு மென்பொருள் வேணும்னு வைங்க. அது இன்னொரு நூலகத்தைக் கேட்கும், அது மூணாவதைக் கேட்கும். அமெரிக்காவுல இருக்கிறவருக்கு ஏ.பி.டி. ஒரு கட்டளையில் எல்லாத்தையும் இறக்கித் தந்துடும். நமக்கோ அந்த மூணாவது நூலகம் சி.டி.யில் இல்லைன்னா, பிரவுசிங் சென்டர் போய், ஃபிளாப்பியில் ஏத்தி, வீட்டுக்கு வந்து போட்டா, 'இது வேற கம்பைலரில் கட்டினது'ன்னு பிழை வரும். திரும்ப பிரவுசிங் சென்டர்.

வெளிவராத பதிப்பு

அப்படிப் பிழை வந்ததற்கான பெரிய காரணங்களில் ஒன்று 2000 செப்டம்பரில் நடந்தது.

அதுக்கு முன்னால ஒரு பின்னணி. லினக்ஸ் உலகம் முழுக்க நம்பியிருந்த கம்பைலர் ஜி.சி.சி. 1990-களின் நடுவில் அதன் வளர்ச்சி மந்தமாகியது. மாற்றங்களைச் சேர்ப்பதில் தாமதம், தலைமை ரொம்பவும் இறுக்கம் என்று பலருக்கும் வருத்தம். 1997-ல் ஒரு குழு பிரிஞ்சு போய் ஈ.ஜி.சி.எஸ். என்று தனியாக நடத்தியது. அது நல்லா ஓடவே, 1999-ல் ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் அதையே அதிகாரபூர்வ ஜி.சி.சி.யாக ஏற்றுக்கொண்டது. பிரிஞ்சு போனவங்க கையிலேயே வீட்டுச் சாவி வந்த மாதிரி. அதே ஆண்டு 2.95 பதிப்பு வந்தது. அடுத்தது 3.0. நடுவுல எதுவும் கிடையாது.

ஆனா ரெட் ஹேட் 7.0 வெளியானபோது அதில் இருந்தது ஜி.சி.சி. 2.96! அப்படி ஒரு பதிப்பை ஜி.சி.சி. குழு வெளியிடவே இல்லை. வளர்ச்சியில் இருந்த நிரலை ஒரு நாள் நிலவரப்படி எடுத்து, தாங்களே திருத்தி, ரெட் ஹேட் பேக்கேஜ் ஆக்கியிருந்தது. அவங்க பக்கமும் நியாயம் இருந்தது. பழைய 2.95-ல் சி++ ஆதரவு பலவீனம், புதுப் புராசஸர்களுக்கு ஆதரவு போதாது, 3.0 எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. வாடிக்கையாளர் காத்திருக்க மாட்டார். ஜி.சி.சி. வழிகாட்டுக் குழு அக்டோபரில் அறிக்கையே விட்டது. இப்படி ஒரு வெளியீடு கிடையாது, இனியும் இருக்காது, இது கட்டிய சி++ நூலகங்கள் 2.95-ஓடும் சேராது, வரப்போகும் 3.0-ஓடும் சேராது என்றது. ரெட் ஹேட்டே தன் லினக்ஸ் கர்னலைக் கட்ட 2.96-ஐப் பயன்படுத்தவில்லை. அதற்கென்று பழைய ஈ.ஜி.சி.எஸ். கம்பைலரைத் தனிப் பேக்கேஜாக வைத்திருந்தது. எம்ப்ளேயர்காரர்கள் 2.96-ஐப் பார்த்தாலே கட்டமாட்டோம்னு தங்கள் நிரலிலேயே எழுதி வச்சாங்க.

இதுல தமிழுக்கு என்ன வந்தது? சரியா அந்தக் காலத்துலதான் கே.டி.ஈ. திரைமுகத்தைத் தமிழாக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள், மின்னஞ்சலில் பேசி, ராத்திரி கண் விழிச்சு, ஒவ்வொரு மெனுவுக்கும் தமிழ்ச் சொல் தேடினார்கள். கே.டி.ஈ. நிற்பது கியூடி நூலகத்தின் மேல். கியூடி முழுக்க சி++. ஆக, கம்பைலர் மாறும்போதெல்லாம் முதலில் ஆட்டம் காண்பது கே.டி.ஈ.தான். மொழிபெயர்ப்புக் கோப்பு வெறும் சொற்பட்டியல். அது எந்தக் கம்பைலரானாலும் கெடாது. ஆனா அதைத் திரையில் காட்ட வேண்டிய நிரல் ஓடலைன்னா, அத்தனை சொல்லும் பெட்டிக்குள்ளதான் கிடக்கும். யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழுக்குப் பலவகைக் குறியேற்றங்கள் புழங்கின. அதில் டி.எஸ்.சி.ஐ.ஐ.-க்கான மாற்றி கியூடியிலும் சேர்ந்தது, லினக்ஸின் அடிப்படையான ஜிலிப்சியிலும் 2002-ல் சேர்ந்தது. ஜிலிப்சிக்கு அதை எழுதிக் கொடுத்தவர் புருனோ ஹைபிள். அது நம்ம லினக்ஸ் பெட்டிக்கு வந்து சேர, அடுத்த பதிப்போட பேக்கேஜ் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். மொழிக்கான வேலை ஒரு பக்கம். அது மக்கள் கையில் சேர பேக்கேஜர் வேணும்.

பேக்கேஜ் பெயரில் கல்வெட்டு

இந்த மாற்றங்களை டெபியன் வேறு மாதிரி சமாளித்தது. எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான்.

பழைய கம்பைலர் கட்டிய நூலகமும் புதுக் கம்பைலர் கட்டியதும் ஒரே பெயரில் இருந்தால் குழப்பம். அதனால நூலகப் பேக்கேஜின் பெயரோடு ஒரு வால் சேர்த்தார்கள். ஜி.சி.சி. 3.2-க்கு மாறியபோது 'சி102'. 2005-ல் 4.0 வந்தபோது 'சி2'. 2015-ல் ஜி.சி.சி. 5-ல் சி++ அடிப்படை மாறியபோது 'வி5'. டெபியன் 13-க்கான வேலையில் 'டி64' வந்தது. 32 பிட் கணினிகளில் நேரத்தை எண்ணும் எண் 2038 ஜனவரியில் நிரம்பிவிடும், அதை 64 பிட்டாக விரிவாக்கியதன் அடையாளம் அது. ஒரு கோயில் சுவரில் பல்லவர் எழுத்து, மேலே சோழர் எழுத்து, பக்கத்தில் நாயக்கர் எழுத்து என்று படிப்பது போல, பேக்கேஜ் பட்டியலைப் பார்த்தே எந்த ஆண்டு எந்தக் கம்பைலர் ஆட்சி மாறியதுன்னு சொல்லிடலாம்.

இந்த வால்கள் வந்தப்பவே இன்னொன்னும் நடந்தது. ஜி.சி.சி.யின் சி++ நூலகம், பல நிரல் இழைகள் ஒரே எண்ணை ஒரே நேரத்தில் மாற்றாமல் காக்க, சில சிறப்புக் கட்டளைகளைப் பயன்படுத்தத் தொடங்கியது. அந்தக் கட்டளைகள் இன்டெல் 486-ல் உண்டு, 386-ல் கிடையாது. மற்ற லினக்ஸ்களோடு ஒத்துப்போக வேணும்னா 486 கட்டளையோடதான் கட்டணும். டெபியன் அப்படியே முடிவெடுத்தது. உண்மையான 386 புராசஸர் வெளியே போனது.

ஆனா பேக்கேஜின் மேல் ஒட்டிய பெயர் மட்டும் மாறலை. அது இன்னும் ஐ386தான்! அதுக்கப்புறமும் அடித்தளம் உயர்ந்துகொண்டே போனது. 2017-ல் வந்த டெபியன் 9, முதல் தலைமுறை பென்டியத்தையும் ஏ.எம்.டி. கே6-ஐயும் விட்டுவிட்டது. கடை மாறி, சரக்கு மாறி, முதலாளி மாறின பிறகும் பழைய போர்டை மாத்தாம வச்சிருக்கிற ரங்கநாதன் தெருக் கடை மாதிரி, அந்தப் பெயர் மட்டும் நின்றது. இப்ப டெபியன் 13-ல் ஐ386 என்பது, 64 பிட் கணினியில் பழைய 32 பிட் நிரல்களை ஓட்டுவதற்கு மட்டும். அதுவும் எஸ்.எஸ்.ஈ.2 கட்டளைகள் இருக்கணும். பென்டியம் 3-ல் அது கிடையாது.

தமிழ்நாடு எடுத்த முடிவுகள்

இதுவரை சொன்னது வெளியூர் முடிவுகள். நம்ம ஊரிலும் முடிவுகள் எடுக்கப்பட்டன.

2006, 2007 வாக்கில் எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., அந்த நிறுவனத்தை சூசே லினக்ஸுக்கு மாற்றினார். சூசே ஆர்.பி.எம். பேக்கேஜ் வகை. இன்னொரு பக்கம், 2005-ல் மத்திய அரசு கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைச் சென்னையில் தொடங்கியது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் சென்னை சி-டாக்கும் அதைச் சேர்ந்து நடத்தின. அங்கிருந்து வந்ததுதான் பாஸ் லினக்ஸ். இது டெபியன் வழி வந்தது, டெப் பேக்கேஜ் வகை. பள்ளிகளுக்காக எடுபாஸ் என்று ஒரு தனிப் பதிப்பும் உண்டு.

ஆக ஒரே ஊரில், அரசு வட்டாரத்துக்குள்ளேயே ரெண்டு பேக்கேஜ் குடும்பம். ஒன்றுக்குக் கட்டிய மென்பொருள் இன்னொன்றில் நேரா ஏறாது. இந்தப் பிரச்சினைக்காகவே லினக்ஸ் ஸ்டாண்டர்டு பேஸ் என்று ஒரு பொதுத் தரம் இருந்தது. பாஸ் லினக்ஸ் அந்தச் சான்றிதழை வாங்கியது. வேடிக்கை என்னன்னா, அந்தப் பொதுத் தரம் பேக்கேஜுக்குச் சொன்ன வடிவம் ஆர்.பி.எம். டெபியன் குடும்பம் ஏலியன் என்ற மாற்றிக் கருவியை வைத்து அதைச் சமாளித்தது. கடைசியில் அந்தப் பொதுத் தரம் நடைமுறையில் வழக்கொழிந்தது.

2011-ல் தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. 2014-ல் விண்டோஸ் எக்ஸ்பி ஆதரவு முடிஞ்சப்போ, அரசுத் துறைகளை பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னார்கள். லட்சக்கணக்கான மாணவர் வீட்டில் ஒரு டெபியன் பேரப்பிள்ளை போய் உட்கார்ந்தது. எத்தனை பேர் அதைத் திறந்தாங்க என்பது வேற கேள்வி. ஆனா ஒன்னு கவனிங்க. பாஸ் லினக்ஸ் தன் கம்பைலரைத் தானே தேர்ந்தெடுப்பது இல்லை. டெபியன் எதை எடுத்ததோ, பெரும்பாலும் அதுதான் இங்கேயும். மேல்கோட்டையை நாம கட்டினோம். அஸ்திவாரம் பற்றிய பேச்சு நடந்த இடத்தில் நம்ம ஆட்கள் குறைவு.

உரிமம் தேர்ந்தெடுத்த கம்பைலர்

கம்பைலரை உரிமத்துக்காகவும் மாற்றியிருக்காங்க. 2007-ல் ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பு வந்தது. ஜி.சி.சி. அதுக்கு மாறியது. ஃப்ரீ பி.எஸ்.டி.க்கு அந்த உரிமத்தின் நிபந்தனைகள் ஒத்துவரலை. பழைய உரிமத்தில் வந்த கடைசி ஜி.சி.சி. 4.2.1-லேயே பல ஆண்டுகள் நின்றார்கள். 2014 ஜனவரியில் வந்த ஃப்ரீ பி.எஸ்.டி. 10-ல் கிளாங் கம்பைலருக்கு மாறினார்கள். கிளாங் நிற்பது எல்.எல்.வி.எம். மேல். அது 2000-ல் இலினாய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லாட்னர், பேராசிரியர் விக்ரம் அட்வே கையில் பிறந்தது. அட்வே ஐ.ஐ.டி. பம்பாயில் படித்தவர்.

டெபியன் மாறலை. ஜி.சி.சி.தான் இயல்பு. ஆனா 2012 முதல் சில்வெஸ்டர் லெட்ரு மொத்த டெபியன் களஞ்சியத்தையும் கிளாங்கில் கட்டிப் பார்த்து, எது எது உடையுதுன்னு பட்டியல் போட்டார். ஆரம்பத்தில் பத்துக்கு ஒன்று என்ற அளவில் உடைந்தது. அந்தப் பட்டியலால் பல நிரல்களில் ஒளிஞ்சிருந்த பிழைகள் வெளியே வந்தன.

2025 அக்டோபர் கடைசியில் அடுத்த முடிவு வந்தது. டெபியனின் ஏ.பி.டி. கருவியே ரஸ்ட் மொழி நிரலைச் சார்ந்திருக்கும், 2026 மே மாதத்துக்கு முன்பாக அது நடக்காது, ரஸ்ட் கம்பைலர் இல்லாத கட்டமைப்புகள் அதற்குள் ஏற்பாடு செய்துகொள்ளட்டும் என்று அறிவித்தார்கள். ரஸ்டோட கம்பைலர் நிற்பதும் எல்.எல்.வி.எம். மேலதான். 386-க்கு நடந்ததேதான். இந்த முறை கேள்வி ஆல்ஃபா, எம்68கே போன்ற பழைய புராசஸர்களுக்கு.

பரணில் இருக்கும் பெட்டிகள்

மேற்கு மாம்பலத்துல நான் எட்டிப் பார்க்கிற ஒரு மாலைநேர இலவச டியூஷன் மையம் இருக்கு. யாரோ ஆபீஸ் காலி பண்ணும்போது கொடுத்த பழைய கம்ப்யூட்டர்கள்தான் அங்கே. அதுல நாலு பெட்டி 32 பிட். ஏழாம் வகுப்புப் பசங்க அதுல தமிழ் தட்டச்சு பழகுறாங்க, பைத்தான் எழுதுறாங்க. டெபியன் 12-ல் இன்னும் ஓடுது. அதற்கடுத்து?

கோபப்படுறது சுலபம். 'பணக்கார நாட்டுக்காரங்க முடிவு பண்ணிட்டாங்க'ன்னு சொல்லிடலாம். ஆனா டெபியனில் ஒரு கட்டமைப்பு உயிரோடு இருக்கணும்னா யாராவது அதைக் கட்டிப் பார்க்கணும், உடைந்தால் திருத்தணும், இன்ஸ்டாலரை உண்மையான பெட்டியில் சோதிக்கணும். 32 பிட் பி.சி.க்கு அந்த வேலையைச் செய்ய ஆள் குறைஞ்சுகிட்டே வந்தது. பழைய பெட்டியை இன்னும் பயன்படுத்துபவர்கள் நம்ம ஊர் மாதிரி இடங்களில்தான் அதிகம். அந்தப் பேச்சு நடந்தப்போ நம்ம குரல் எவ்வளவு கேட்டிருக்கும்? யாரும் நம்மளை வெளியே நிறுத்தலை. 2023 செப்டம்பரில் டெபியன் மாநாடே கொச்சியில் நடந்தது. எட்டு மணி நேர ரயில் தூரம்கூட இல்லைன்னு சொல்ல முடியாது, ஆனா ஒரு ராத்திரிப் பயணம்தானே.

செய்யக்கூடியது இதுதான். அந்த நாலு பெட்டியில் முதலில் புராசஸர் விவரத்தைப் பாருங்க. 32 பிட் இயங்குதளம் போட்டதாலேயே பெட்டி 32 பிட்னு அர்த்தமில்லை. கடைசிக் காலப் பென்டியம் 4-களில் பல 64 பிட். உண்மையிலேயே 32 பிட்டாக இருந்தால் டெபியன் 12-லேயே வச்சு, நெட்டில் இருந்து பிரிச்சு, தட்டச்சுக்கும் நிரல் பழகவும் ஓட்டுங்க. அது ரொம்ப நாள் ஓடும்.

திறக்கும் கதவு

இப்போ ரெண்டாவது விஷயம், ரிஸ்க்-ஃபைவ். 2010-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய, யார் வேணும்னாலும் பயன்படுத்தக்கூடிய புராசஸர் கட்டளைத் தொகுப்பு. அதை வைத்து ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியர் வி. காமகோடி குழு சக்தி புராசஸரை உருவாக்கியது. 2018-ல் அதன் சிப்கள் லினக்ஸை ஓட்டிக் காட்டின. திருவனந்தபுரம் சி-டாக் வேகா என்ற வரிசையைச் செய்கிறது. ஜி.சி.சி.யில் ரிஸ்க்-ஃபைவ் ஆதரவு 2017-ல் 7-ஆம் பதிப்பில் சேர்ந்தது. டெபியன் 2023-ல் அதை அதிகாரபூர்வக் கட்டமைப்பாக ஏற்றது. 2025-ல் முதல் நிலையான வெளியீடு.

386 விஷயத்தில் நாம் சரக்கு வாங்கியவர்கள் மட்டும். இந்த முறை கிண்டியில் புராசஸர் வடிவமைக்கிறவங்க இருக்காங்க. அதற்கான பேக்கேஜ்களைக் கட்டுறதும், உடைஞ்சதைத் திருத்துறதும், அடித்தளம் எதுவா இருக்கணும்னு விவாதிக்கிறதும் இப்பவே நடந்துகிட்டு இருக்கு. ரிஸ்க்-ஃபைவிலும் நாளைக்கு அடித்தளத்தை உயர்த்துற பேச்சு வரும். அன்னிக்கு இன்றைய சிப்கள் உள்ளே இருக்குமா வெளியே போகுமா என்பது, அந்தப் பேச்சில் யார் உட்கார்ந்திருக்காங்க என்பதைப் பொறுத்தது.

ஒரு டெபியன் பேக்கேஜில் உடைஞ்ச கட்டுமானத்தைத் திருத்தி அனுப்ப, கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் கேட்க மாட்டாங்க. பிழைப் பதிவைப் பொறுமையா படிக்கத் தெரியணும், அவ்வளவுதான். கல்லூரியில் படிக்கிற தம்பி தங்கைகள் யாராவது இதைக் கேட்டுக்கிட்டு இருந்தா, இந்த செமஸ்டர் லீவுல ஒரே ஒரு பேக்கேஜ் எடுத்துப் பாருங்க. எங்கே மாட்டிக்கிட்டீங்கன்னு எழுதுங்க, அடுத்து வர்ற எபிசோடுல சேர்ந்து பிரிச்சுப் பார்ப்போம்.

அடுத்த எபிசோடில் தமிழ் எழுத்துருக்கள் எப்படி லினக்ஸ் பேக்கேஜ் ஆச்சு, அவற்றின் உரிமங்களில் என்ன சண்டை வந்தது என்று பேசுவோம். வணக்கம்.